எருவுக்குப் பஞ்சமில்லை, சருகுக்குத்தான்

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடம் 9 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். அதில் நான்கு மேட்டுப்பாத்திகள், நான்கு முட்டைக்கோழிகள், மட்கு உரத்துக்கு மூன்று தடுப்புகள், கூரைத் தண்ணீருக்கு ஒரு தொட்டி. இவை போகத் தள்ளுவண்டி திரும்புகிற அளவுக்கு இடம் மிஞ்சியது. ஒவ்வொன்றையும் கட்டிய கதையை எழுதினால் நீண்டுகொண்டே போகும். எல்லாவற்றையும் கோத்துப் பிடிக்கிற ஒரு சரக்கைச் சுற்றியே இங்கே எழுதுகிறேன்: சருகு. கொல்லையில் கோழியும் காய்கறியும் வைக்க ஆசைப்படுகிறவர்கள், எருவுக்கு எங்கே போவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான்கு கோழிகள் வந்துவிட்டால் எரு கேட்காமலே சேரும். அதற்கு ஈடுகொடுக்கும் சருகுதான் காலை வாரிவிடும்.

வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பதால் கணக்கைப் போட்டு வைத்திருக்கிறேன். முட்டையிடும் கோழி ஒன்று நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் தீவனம் தின்னும்; எச்சமும் ஈரத்தோடு கிட்டத்தட்ட அதே எடைக்கு வரும். நான்கு கோழிகளுக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் முக்கால் பங்கு தண்ணீர். மீதியில் கரிமம் (கார்பன்) 44 கிராம், தழைச்சத்து (நைட்ரஜன்) 6 கிராம் அளவில் இருக்கும். அதாவது ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏழு பங்கு கரிமம். குவியல் சூடேறி ஒழுங்காக மட்க வேண்டுமானால் அது 25 முதல் 30 பங்காக இருக்க வேண்டும். காய்ந்த இலையில் அந்த விகிதம் ஏறத்தாழ 50. கூட்டிக் கழித்துப் பார்த்தால், 30 என்ற விகிதத்துக்கு வர அந்த அரைக் கிலோ எச்சத்தோடு 850 கிராம் சருகு சேர வேண்டும். 25 போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாலும் அரைக் கிலோவுக்கு மேல் வேண்டும்.

எடையில் சொன்னால் அற்பமாகத் தெரிகிறது. அமுக்காமல் அள்ளினால் 850 கிராம் சருகு ஒரு பெரிய வாளி நிறைய வரும். ஆண்டு முழுவதற்கும் 300 கிலோவுக்கு மேல். இடத்தை அடைக்கிற அளவில் நான்கைந்து கன மீட்டர். எங்கள் வேலியோரம் நிற்பதோ இரண்டு மரங்கள். அவை உதிர்ப்பதில் இதில் கால்வாசிகூடத் தேறாது. போதாததற்கு, மரம் ஒரு பருவத்தில் மொத்தமாக உதிர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். கோழிக்கு அந்த ஓய்வெல்லாம் கிடையாது.

மரத்தூளைப் போட்டு ஈடுகட்டலாமே என்று தோன்றும். மரத்தூளில் கரிமம் தழைச்சத்தைப் போல 400 மடங்குக்கும் மேல்; கணக்கின்படி சருகின் எடையில் பாதிகூட இல்லாமல் வேலை முடிந்துவிட வேண்டும். ஆனால் மரத்தின் கரிமத்தில் பெரும்பகுதி, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளோடு பின்னிக் கிடக்கிறது. நுண்ணுயிர்களால் அதைச் சீக்கிரத்தில் எடுத்துத் தின்ன முடியாது. காகிதத்தில் சரியாக வருகிற கூட்டல் குவியலில் வருவதில்லை. மரத்தூளை மட்டும் நம்பிய குவியல் கீழே நாறும், மேலே தூளாகவே கிடக்கும். அட்டைப்பெட்டி பரவாயில்லை. ஒட்டுநாடாவை உரித்து, பளபளப்பான அச்சுத்தாளைத் தள்ளிவிட்டு, மீதியைக் கிழித்து நனைத்துப் போட்டால் மட்கும். அது சருகுக்குத் துணையாகும், பதிலாகாது.

ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் 1931 வரை இந்தோரில் பணியாற்றியபோது வகுத்த மட்கு முறையிலும் சாணத்தைவிடச் செடிக்கழிவே மிகுதி. நூறாண்டுகளாக எழுதி வைத்திருக்கும் செய்தி இது. ஆனாலும் உரக்குழி என்றதும் நம் மனம் சாணத்துக்கும் சமையலறைக் கழிவுக்கும்தான் போகிறது.

ஆக, சருகு வெளியிலிருந்து வர வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் வீட்டு இலைகளைப் பெருக்கி மூட்டை கட்டி வாசலில் வைப்பவர். அவற்றைக் கேட்டபோது, “குப்பையை எப்படித் தொலைப்பது என்று ஊரே அலைகிறது, நீங்கள் கேட்டு வாங்குகிறீர்களே தம்பி” என்றார். இப்போது அவரே வேலிக்கு மேலாகத் தள்ளிவிடுகிறார். வருகிற மூட்டையைக் கொட்டியதும் கையுறை போட்டுக்கொண்டு ஒரு முறை துழாவுவது வழக்கம். பிளாஸ்டிக் உறை, கண்ணாடிச் சில்லு, நாய்க்கழிவு, எது வேண்டுமானாலும் உள்ளே இருக்கலாம். புல்தரையில் வெட்டிய புல்லை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்குவதில்லை. களைக்கொல்லி தெளித்த புல்லா இல்லையா என்று கொடுக்கிறவருக்கே பல சமயம் தெரிவதில்லை. அது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சருகை வைக்க ஒரு கூண்டு

வாங்கிய சருகை மூலையில் குவித்து வைத்தால் ஒரே மழையில் பாய்போல ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது கறுத்து, மட்க ஆரம்பித்துவிடும். நமக்கு வேண்டியது உலர்ந்த சருகு. கோழிக்கூட்டில் ஈரத்தை உறிஞ்சுவதும் அதன் வேலைதான். எனவே சேமிப்புக் கூண்டை மற்ற எதையும் தொடுவதற்கு முன்பே கட்டினேன்.

1.2 மீட்டர் உயரமுள்ள கம்பி வலையில் 3.8 மீட்டர் நீளம் வெட்டினால் 1.2 மீட்டர் விட்டமுள்ள உருளை கிடைக்கும். கொள்ளளவு 1.3 கன மீட்டருக்குச் சற்று மேல். உருளையை நிமிர்த்தி நிறுத்த நான்கு கம்புகள். அடியில் செங்கல்மேல் பலகை பரப்பியதால் தரையின் ஈரம் ஏறாது. தலைக்கு ஒரு பழைய தகரம். காற்றில் பறக்காமல் இருக்க இரண்டு கல். முன்புறம் அடியில் ஒரு முழ அளவுக்குச் சதுரமாக வலையை மூன்று பக்கம் வெட்டிக் கதவுபோல மடக்கிவிட்டேன். மேலே கொட்டுவது, கீழே உருவுவது. பழைய சரக்கு முதலில் வெளியேறும், குனிந்து உள்ளே தலையை விட வேண்டியதும் இல்லை.

வலை வெட்டும்போது ஓரங்களில் நிற்கும் கம்பி முனைகளை அப்படியே விடக்கூடாது. தினமும் கை நுழையும் இடம் அது. ஒவ்வொரு முனையையும் குறட்டால் பிடித்துப் பின்பக்கமாக மடக்கி, அதன்மேல் நீளவாக்கில் கீறிய பழைய ரப்பர் குழாயைச் செருகினேன். இந்த அற்ப வேலைக்குத்தான் கூண்டு கட்டியதைவிட அதிக நேரம் பிடித்தது. மணிக்கட்டில் இன்றுவரை கீறல் இல்லை.

நிரப்புவதற்கு முன் சருகைத் தரையில் பரப்பிப் புல்வெட்டும் இயந்திரத்தை அதன்மேல் ஓட்டுகிறேன். நொறுங்கியபின் அது முன்பிருந்த இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குகிறது. தடித்த, மெழுகுப் பூச்சுள்ள இலைகளுக்கு இது கட்டாயம். முழுசாகப் போட்டால் தட்டுத்தட்டாக அடுக்கிக்கொண்டு நடுவே காற்றுப் போகாமல் செய்துவிடும். மாதக்கணக்கில் கழித்துத் திறந்தாலும் இலையின் நரம்பை எண்ணலாம். இயந்திரம் இல்லாதவர்கள் சாக்கில் கட்டி மிதிக்கலாம். சருகு மொறுமொறுப்பாக இருக்கும் வெயில் நேரத்தில் அது சுலபம்.

கோழிக்கூடு

கூடு கட்டும் முறையை விரிவாக எழுதப் போவதில்லை. உட்புறம் 1.2 க்கு 1.5 மீட்டர், முன்னால் ஓடியாட 1.5 க்கு 3 மீட்டர் வலையடைப்பு. கோழி ஒன்றுக்கு உள்ளே 0.37 சதுர மீட்டரும் வெளியே ஒரு சதுர மீட்டரும் என்பது பரவலாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு. அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது. அதனால் சுற்றிலும் 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலை. தோண்டி உள்ளே வருவதைத் தடுக்க அதே வலையை அடைப்புக்கு வெளியே தரையோடு தரையாக அரை மீட்டர் அகலத்துக்குப் பரப்பி மண்ணால் மூடியிருக்கிறேன். நாயானாலும் பெருச்சாளியானாலும் சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். அங்கே கம்பி தட்டும். கோழி வாங்குவதற்கு முன் உள்ளாட்சி விதியைப் பார்த்துவிடுவது நல்லது. பல இடங்களில் சேவலுக்கு மட்டும் அனுமதி இருக்காது. முட்டைக்குச் சேவல் தேவையும் இல்லை.

எருக் கணக்கில் கூட்டின் இரண்டு பகுதிகள்தான் முக்கியம். ஒன்று, கோழிகள் அடையும் கட்டை. அது முட்டைப்பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவை பெட்டிக்குள் போய்த் தூங்கும், காலையில் முட்டையெல்லாம் எச்சம். ஒரு கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் வீதம் ஒரு மீட்டர் நீளக் கட்டை. மேல் ஓரங்களை இழைத்து மழுக்கியிருக்கிறேன். கட்டைக்கு 15 சென்டிமீட்டர் கீழே அரை மீட்டர் அகலத்தில் ஒரு பலகை. நாளின் எச்சத்தில் ஏறக்குறைய பாதி இரவில்தான் விழுகிறது, அதுவும் இந்தப் பலகைமேல். இதன்மேல் மெலிதாகச் சருகுத்தூள் தூவி வைத்தால் ஒட்டாது. காலையில் கொத்தனார் கரணையால் ஒரு இழுப்பு, வாளியில் விழுந்துவிடும். அதே வாளியில் கூண்டிலிருந்து உருவிய சருகு. வாளி நேராக மட்குத் தடுப்புக்குப் போகிறது. மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான் இது நடக்கிறது. கொல்லையின் மறுகோடியில் சருகு இருந்தால், மழை நாளில் வெறும் எச்சம் மட்டும் குவியலுக்குப் போகும். மனித இயல்பு அது.

இரண்டாவது, தரை. இங்கே ஆழ்கூள முறைதான். 10 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சருகும் இழைப்புச் சீவலும் கலந்து பரப்பி, அது அமுங்க அமுங்க மேலே சேர்த்துக்கொண்டே போவது. 25 சென்டிமீட்டர் வரை ஏறலாம். மாலையில் ஒரு பிடி தானியத்தைக் கூளத்தில் வீசினால் போதும், கோழிகள் கிளறிக் கிளறி முழுவதையும் புரட்டிவிடும். நான் கிளறினால் முதுகு வலிக்கும். அவை கிளறினால் பசி தீரும்.

கூளம் கெடுகிறதா என்பதை நின்றபடி மோந்து பார்த்தால் தெரியாது. குந்தி உட்கார்ந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்துக்கு மூக்கைக் கொண்டுபோக வேண்டும். அங்கே கண் கரிக்கிறது என்றால் அம்மோனியா ஏறிவிட்டது. காற்றில் அது 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) அளவைத் தாண்டவிடக் கூடாது என்பது கோழிப்பண்ணைகளில் கடைப்பிடிக்கும் வரம்பு. நாள்பட்டால் கண்ணையும் மூச்சுக்குழாயையும் கெடுக்கும். தண்ணீர்க் கலனைச் சுற்றித்தான் எங்கள் கூளத்தில் அந்த வாடை கிளம்பியது. கோழி குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் அலகிலிருந்து வழிந்துகொண்டே இருக்கும். கலனை நான்கு செங்கல் உயர்த்தி, கோழியின் முதுகு மட்டத்துக்குக் கொண்டுவந்து, அடியில் கூளத்துக்குப் பதில் சரளைக்கல் தட்டு வைத்ததும் சரியாகிவிட்டது. நனைந்த கூளத்தை அள்ளிக் குவியலில் போட்டு, அந்த இடத்தில் இரண்டு வாளி உலர்ந்த சருகு. அம்மோனியா வாடை என்பது பாத்திக்குப் போக வேண்டிய தழைச்சத்து ஆவியாகிப் பறப்பதன் அறிகுறி. மூக்குக்கு நஷ்டம், மண்ணுக்கு அதைவிட நஷ்டம்.

கூட்டின் காற்றோட்டத் திறப்புகள் கூரையை ஒட்டி, கட்டையில் அமர்ந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே இருக்கின்றன. ஈரமும் அம்மோனியாவும் மேலே போய்விடும், இரவில் கோழிமேல் காற்று அடிக்காது.

மூன்று தடுப்புகள்

சூடேறும் குவியலுக்கு ஒரு கன மீட்டர் அளவு வேண்டும். அதைவிடச் சிறியதென்றால் உள்ளே உண்டாகும் வெப்பம் நிற்காமல் பக்கங்கள் வழியே போய்விடுகிறது. அதனால் ஒவ்வொரு தடுப்பும் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டர். ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும், ஒன்று வெந்துகொண்டிருக்கும், ஒன்று ஆறிக்கொண்டிருக்கும்.

பலகைகள் சரக்கு ஏற்றும் மரத்தட்டுகளைப் பிரித்து எடுத்தவை. பிரிப்பதற்கு முன் அவற்றின் பக்கத்தில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும். எச்.டி. (HT) என்றிருந்தால் வெப்பத்தால் பூச்சி நீக்கியது. எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது; அதைத் தொடவே வேண்டாம். முத்திரை இல்லாததையும், எண்ணெய்க் கறை படிந்ததையும் ஒதுக்கிவிட்டேன். தாமிரமும் ஆர்சனிக்கும் ஏற்றிப் பதப்படுத்திய பச்சை நிறப் பழைய மரத்துக்கும் காய்கறி மண்ணருகே இடமில்லை.

பின்னும் பக்கங்களும் நிலையானவை, பலகைக்குப் பலகை இரண்டு சென்டிமீட்டர் சந்து விட்டு, துத்தநாகம் பூசிய திருகாணிகளால் முடுக்கியவை. முன்பக்கம் மட்டும் செருகுபலகை. இரு தூண்களிலும் இணையாக இரண்டு சட்டங்கள் அடித்து நடுவே பள்ளம் விட்டிருக்கிறேன். பலகைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கலாம், உருவலாம். குவியல் உயர உயரப் பலகையும் உயரும். புரட்டும்போது எல்லாவற்றையும் உருவிவிட்டால் மண்வெட்டி தரையோடு போகும். அடியில் சிமென்ட் போடவில்லை. மண்புழுக்கள் கீழிருந்து வர வேண்டும்.

ஒரு தடுப்பை நிரப்பும்போது அடியில் சுள்ளிகள், பிறகு சருகு, அதன்மேல் வாளியில் கலந்து வருவது, காய்கறித் தோல், களை, மீண்டும் சருகு. மேல்பரப்பில் எப்போதும் சருகுதான் தெரிய வேண்டும். ஈயும் எலியும் வராமல் இருப்பதன் ரகசியம் அவ்வளவுதான். ஈரத்துக்குக் கைச்சோதனை. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும். வழிந்தால் சருகு, உதிர்ந்தால் தண்ணீர்.

சூட்டை அறிய நீண்ட தண்டுள்ள வெப்பமானி இருக்கிறது. ஆனால் நான் அதிகம் நம்புவது ஓர் இரும்புக் கம்பியை. குவியலின் நடுவில் குத்தி, ஐந்து நிமிடம் விட்டு உருவிப் பிடித்துப் பார்ப்பது. பிடித்த கையை எடுக்காமல் இருக்க முடியவில்லை என்றால் 55 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. தொடர்ந்து மூன்று நாள் அந்தச் சூட்டில் இருந்தால் நோய்க்கிருமிகளும் பெரும்பாலான களை விதைகளும் சாகும். ஆனால் ஓரங்கள் அவ்வளவு சூடாவதில்லை. எனவே சூடு தணியத் தொடங்கியதும் ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வருமாறு புரட்ட வேண்டும். 70 டிகிரியை நெருங்கினால் வேலை செய்யும் நுண்ணுயிர்களே மடியத் தொடங்கும். அப்போதும் புரட்டலே மருந்து.

முதல் தடவை புரட்டியபோது, மேலிருந்து ஒரு சாண் கீழே சருகெல்லாம் நீறு பூத்ததுபோல வெளுத்திருந்தது. விரலால் தேய்த்தால் சாம்பல் மாதிரி உதிர்ந்தது. பூஞ்சை பிடித்துக் கெட்டுவிட்டது என்று பலர் இதைப் பார்த்துக் கவலைப்படுவதுண்டு. இவை ஆக்டினோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள். சூட்டைத் தாங்கும், சருகின் நார்ப்பகுதியைத் தின்னும். புது மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினை உண்டாக்குபவையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். அந்த மணம் குவியலில் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பாத்திக்குப் போகும் முன்

சூடு அடங்கியதும் உடனே பாத்தியில் போடுவதில்லை. மூன்றாவது தடுப்பில் குறைந்தது இரண்டு மாதம் கிடக்கும். கோழி எரு பச்சையாக இருந்தால் அதன் அம்மோனியா வேரைக் கருக்கிவிடும். வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமியின் கவலையும் உண்டு. மட்காத எருவை மண்ணில் இட்டால், மண்ணைத் தொட்டு விளைகிறவற்றை 120 நாளுக்குப் பிறகும், தொடாதவற்றை 90 நாளுக்குப் பிறகும்தான் அறுவடை செய்யலாம் என்பது அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதி. இவ்வளவு சிறிய கொல்லையில் ஒரு பாத்தியை 120 நாள் முடக்கிப்போட யாருக்கும் மனம் வராது. மட்க வைத்துவிடுவதே லாபம்.

களைக்கொல்லி விஷயம் இங்கேதான் வருகிறது. அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற களைக்கொல்லிகள் புல்லிலும் வைக்கோலிலும் தங்கும். மாட்டின் வயிற்றைக் கடந்து சாணத்திலும் தங்கும். மட்குக் குவியலின் சூட்டுக்கும் எளிதில் அழியாது. கண்ணுக்கும் மூக்குக்கும் அகப்படாத இந்த நஞ்சைப் பீன்ஸ் செடி கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு தடுப்பு முடிந்ததும் இரண்டு தொட்டிகளில் விதைக்கிறேன். ஒன்றில் சாதாரண மண், மற்றதில் மண்ணோடு பாதிக்குப் பாதி புதிய மட்கு. மூன்று வாரத்தில் மூன்றாம் இலை வரும்போது தெரிந்துவிடும். மட்குத் தொட்டியில் மட்டும் இலை கிண்ணம்போலக் குவிந்து, நுனி சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டு நின்றால் அந்தச் சரக்கு பாத்திக்கு ஆகாது. எங்கள் தொட்டிகளில் இதுவரை இலைகள் விரிந்தே வந்திருக்கின்றன. மட்கு உள்ள பக்கம் நிறம் மட்டும் கூடுதல் பச்சை.

பாத்திகள் ஒவ்வொன்றும் 1.2 க்கு 2.4 மீட்டர். இரு பக்கமிருந்தும் கை நடுவரை எட்ட வேண்டும் என்பதால் அகலம் அதற்குமேல் போகவில்லை. நான்கும் சேர்ந்து 11.5 சதுர மீட்டர். இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்கு மட்கு பரப்ப ஏறக்குறைய 290 லிட்டர் வேண்டும். ஒரு கன மீட்டராகத் தொடங்கிய குவியல் மட்கி முடியும்போது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது; ஆனாலும் ஒரு தடுப்பில் நான்கு பாத்திக்கும் போட்டு மீதம் இருக்கிறது. கொத்திக் கிளறிக் கலப்பதில்லை. மேலே பரப்பி, அதன்மேல் சருகு மூடாக்கு போட்டுவிட்டால் மண்புழு பார்த்துக்கொள்ளும்.

அந்த மூடாக்குக்கும் சருகுதான். கணக்கில் இதை முதலில் சேர்க்கவில்லை; சேர்த்தால் தேவை இன்னும் ஒரு கன மீட்டர் ஏறுகிறது. இரண்டாவது கூண்டுக்கான கம்புகளை ஊன்றியிருக்கிறேன். வலை, மிச்சம் இருந்த துண்டுகளை இணைத்துத்தான். இம்முறை உருளைக்குப் பதில் கோழிக்கூட்டின் பின்சுவரை ஒரு பக்கமாக வைத்துச் சதுரமாகக் கட்டினால் வலை கொஞ்சம் மிச்சமாகும். அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இரண்டாம் தடுப்பின் செருகுபலகைகள் மழையில் உப்பிப் பள்ளத்தில் இறுகிவிட்டன. மரச்சுத்தியால் தட்டினால்தான் அசைகின்றன. 18 மில்லிமீட்டர் பலகைக்கு 20 மில்லிமீட்டர் பள்ளம் போதவில்லை. முன்சட்டத்தைக் கழற்றி, அடியில் மெல்லிய தகடு வைத்து 25 ஆக்கப் போகிறேன்.